நெற்றி இல்லாத டீவி

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் முதலில் பொட்டு, பிறகுதான் சுவிட்ச். கேஸ் அடுப்பு, தையல் மெஷின், மேல் லயத்து ஓட்டோ என்று எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். சந்தனத்தைக் குழைத்து ஒரு வட்டம், அதன் நடுவில் குங்குமம், ஒரு தேங்காய், கொஞ்சம் கற்பூரம். அரிசி குக்கருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டவர்கள்கூட எங்கள் வரிசையில் இருக்கிறார்கள். இதனால் எந்தப் பொருளும் கெட்டுப்போனதில்லை. காரணம், அவற்றுக்கெல்லாம் நெற்றி என்று சொல்லும்படியாக ஓர் இடம் இருந்தது. இது எனக்கு விளங்கியபோது காலம் கடந்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பண்டாரவளையில் ஒரு போன் கடையில் வேலை. போனுக்குக் கண்ணாடி ஒட்டுவேன், உறை மாட்டுவேன். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டத்து டிவிஷனில் மின்சாரம் ஓடும் பொருள் எதுவாக இருந்தாலும் அதற்கு நான்தான் நிபுணர் என்று நடமாடினேன். யார் வீட்டு ரேடியோ இருமினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். போய்த் திறந்து, ஊதி, உற்றுப் பார்த்துவிட்டு "போர்டு போயிருச்சு" என்பேன். (போர்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றோடு என் தொழில் முடிந்திருக்கும்.)

வீட்டில் அப்பா, நான், தங்கச்சி தர்ஷினி. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் அந்த வீட்டில் எல்லோரும் வெளியே போவார்கள். அம்மா போனில் முகம் காட்டிப் பேசுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்ததும் போனை அப்பாவிடம் கொடுப்போம். அப்பா அதை அப்படியே காதில் வைத்துக்கொள்வார்.

"அப்பா, மூஞ்சிக்கு நேரா பிடிங்க. அம்மாவப் பாருங்க."

"காதுல வெச்சாத்தானே கேக்கும்."

"தள்ளி வெச்சாலும் கேக்கும்ப்பா."

"இந்தச் சின்னக் கண்ணாடியில எனக்கு என்னா தெரியப்போகுது. நீங்க பாத்தாச் சரி."

இப்படியே அம்மா குவைத்தில் இருந்துகொண்டு வாராவாரம் அப்பாவின் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதைப் பார்த்தே அவருக்குச் சளி பிடித்திருப்பதைச் சொல்லிவிடுவாள். அப்பா பேசுவதும் ஒரே வசனம்தான். "ம்... சாப்பிட்டியா?" அதற்கு அம்மா ஏதோ சொல்வாள். "சரி, வெச்சிரவா?" என்று முடித்துவிடுவார். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிற மனுஷன், பேச்சை எங்கோ மெஷினிடமே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் ஒப்பந்தம் முடிய வந்தது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி அந்த வீட்டு எஜமானி கேட்டிருந்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். வந்துவிடு என்று நானும் தர்ஷினியும் கெஞ்சினோம்.

"ஒங்கப்பா என்னா சொல்றாரு?"

"அவரு என்னா சொல்லுவாரு. சாப்பிட்டியான்னு கேப்பாரு."

"அவரு வாயால வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த ப்ளேன்ல வந்துர்றேன். சொல்லலன்னா கையெழுத்து வெச்சிர்றேன்" என்றாள் அம்மா.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "பிள்ளைங்களுக்காகத்தானே போயிருக்கு. நான் எப்பிடி வான்னு சொல்றது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் இல்லாத விறகைப் பிளக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் நிபுணரின் மூளை வேலை செய்தது. அப்பாவுக்குப் போனில் அம்மா ஒரு குரல் மட்டும்தான். முகத்தைப் பெரிதாகப் பார்த்தால் மனுஷன் தானாக வாயைத் திறப்பார். போனில் தெரிவதை அப்படியே பிடித்துக் காட்டும் தட்டை டீவி ஒன்று போதும். எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு நானாவின் டீவிக் கடை (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்). என் கைக்காசுக்கு அங்கே இருந்ததிலேயே சின்னதை எடுத்தேன். இருபத்துநாலு அங்குலம். நானா பெட்டியை ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இது பழைய பொட்டி டீவி மாதிரி இல்ல. தெரைய அமுத்தப்படாது. தண்ணி காட்டப்படாது. காஞ்ச துணியால மெதுவாத் தொடைங்க."

"நானா, நானும் இந்த லைன்லதானே இருக்கேன்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.

பஸ்ஸில் டீவிப் பெட்டியைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் லீக்ஸ் காய்கறி மூட்டைக்காரர் ஒருவர் மேல் சாய்ந்தேன். கடைசியில் அவர் எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க" என்று எனக்கும் டீவிக்கும் இடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது பாதி லயம் எங்கள் காம்பரா வீட்டில் இருந்தது. டீவியை அலமாரிமேல் நிறுத்தினேன். பிளக்கைக் குத்தப் போனபோது பக்கத்துக் காம்பரா சிவலிங்கம் சித்தப்பா கையைப் பிடித்தார். லயத்தில் எல்லா நல்ல காரியத்துக்கும் தேங்காய் உடைப்பவர் அவர்தான்.

"பொட்டு வெக்காம கரண்டு குடுக்காதப்பா. நீ வாங்குன சாமான், நீயே வையி."

சந்தனக் கிண்ணத்தோடு டீவி முன்னால் நின்றேன். வைக்க இடமே இல்லை. எங்கள் பழைய பெட்டி டீவிக்கு மேலே நாலு விரல் அகலத்தில் நெற்றி உண்டு. இதில் சுற்றிலும் சட்டம் ஒரு நூல் மாதிரி ஓடியது. மற்றதெல்லாம் திரை. தொடாதே என்று நானா சொன்ன அதே திரை.

"எங்கப்பா வெக்கிறது?" என்றார் சித்தப்பா.

"கண்ணாடியிலதான் வெக்கணும்."

"தாங்குமா?"

"ஏன் தாங்காது? நான் தெனமும் கடையில அமுத்தி அமுத்தித்தானே கண்ணாடி ஒட்றேன்."

திரையின் நடுவில், சற்று மேலே, கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். அம்மா விஷயமும் இதில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினேன். விரலுக்குக் கீழே திரை மெல்ல நெகிழ்ந்தது. பக்தியில் இளகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்மேல் தாராளமாகக் குங்குமம். தேங்காய் சரிபாதியாக உடைந்ததில் எல்லோருக்கும் திருப்தி.

அன்று முழுக்கப் பொட்டோடுதான் பார்த்தோம். சாமிக்கு வைத்ததை அன்றே துடைக்கக் கூடாது. மறுநாள் காலையில் காய்ந்த துணியால் துடைத்தேன். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் அசையவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன். சிவப்பு இன்னும் மினுங்கியது. நிபுணருக்கு வேர்க்க ஆரம்பித்தது. தர்ஷினி வெளியே போயிருந்தாள். அவளுடைய நகப்பூச்சு அழிக்கும் மருந்துப் போத்தல் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. நகத்தில் இருக்கும் சிவப்பையே எடுக்கும் மருந்து, டீவியில் இருப்பதை எடுக்காதா?

எடுத்தது. குங்குமத்தை அல்ல, திரைமேல் இருந்த மெல்லிய பூச்சை. அந்த இடத்தில் குங்குமச் சாயம் குடிபுகுந்து உட்கார்ந்துகொண்டது. இனி அதை யாராலும் கிளப்ப முடியாது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

தர்ஷினி வந்ததும் டீவியைப் போட்டோம். செய்தி வாசித்த தம்பிக்கு நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. கிரிக்கெட் அம்பயருக்கும் பொட்டு. கோட் போட்ட ஓர் அரசியல்வாதி திடீரென்று பெரிய பக்திமானாகத் தெரிந்தார். தர்ஷினி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் முகத்தை அப்பாவுக்குக் காட்ட வாங்கியதை, காட்டும் முன்பே நாசமாக்கியிருந்தேன்.

படம் பிடித்து நானாவிடம் கொண்டுபோனேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"தம்பி, பொட்டு வெச்சுக் கூட்டிப் போயிட்டீங்க. இனித் திருப்பி எடுக்க ஏலாது" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் அம்மா பதில் சொல்லவேண்டிய நாள். அப்பா ஸ்டோரிலிருந்து வந்து, குளித்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை இரண்டு தரம் சீவிவிட்டு டீவி முன்னால் வந்து உட்கார்ந்தார். தர்ஷினி போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். காதுக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அவர் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

டீவியில் அம்மா வந்தாள்.

நானும் தர்ஷினியும் வாராவாரம் பார்க்கும் முகம்தான். அப்பா அன்றுதான் பார்க்கிறார். அம்மா மெலிந்திருந்தாள். தலையைத் துணியால் மூடியிருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. இங்கே இருந்தபோது விடியற்காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போதுகூட ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவுக்குப் பொட்டு வைக்காமல் வாசல் தாண்டமாட்டாள். அங்கே அந்த வழக்கம் இல்லாததால் விட்டுவிட்டாள். இதை எங்களில் யாரும் அப்பாவிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்பாவிடமிருந்து "சாப்பிட்டியா"கூட வரவில்லை.

என் சிவப்பு வட்டம் அம்மாவின் மூக்கில் உட்கார்ந்திருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "அம்மா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி" என்றேன். வட்டம் கன்னத்துக்குப் போனது.

"என்னடா செய்யச் சொல்ற?" என்றாள் அம்மா.

"அவன விடு" என்றார் அப்பா. "நீ கொஞ்சம் கீழ எறங்கு."

அம்மா இறங்கினாள். வட்டம் கண்ணுக்கு மேலே வந்தது.

"இன்னும் கொஞ்சம். இந்தப் பக்கமா... இல்ல, சோத்துக் கைப் பக்கம். மெதுவா."

"என்னங்க, என்னா நடக்குது அங்க?"

"பேசாத. பேசினா ஆடுது. கொஞ்சம் கீழ... ஆங். அப்பிடியே இரு."

வட்டம் நெற்றி நடுவில், சரியாகப் புருவத்துக்கு மேலே வந்து நின்றது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க பண்றீங்க?"

"பொட்டு வெக்கிறேன்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அசையாமல் இருந்தாள். பிறகு அவளுடைய கை மெல்ல எழும்பி வெறும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"போதும் புள்ள. வந்துரு" என்றார் அப்பா.

தர்ஷினி அழுததில் போன் ஆடி, அம்மாவுக்கு எங்கள் வீட்டுக் கூரைத் தகரம்தான் தெரிந்ததாம். "என்னா சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். எதையும் இரண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை எங்கள் அப்பா. அன்றைக்குச் சொன்னார். நான் திரும்பிக்கொண்டு, பிளக் சரியாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

அம்மா வந்துவிட்டாள். வந்த அன்றே டீவியைப் பார்த்து, "காசக் கொட்டி வாங்கி இப்பிடியா பண்ணுவ" என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு நான் பெரிய டீவி வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அப்பா சம்மதிக்கவில்லை. "இதுல என்னா கொற?" என்கிறார். செய்தி வாசிக்கிற தம்பி நெற்றியில் பொட்டோடு வருவது அவருக்குப் பழகிவிட்டது. வேறு வீட்டு டீவியில் அதே தம்பியைப் பார்த்தால், ஆள் கொஞ்சம் வாடியிருக்கிறானே என்கிறார்.

எனக்குத்தான் அந்தப் பொட்டு விடவில்லை. அதற்குப் பிறகு லயத்தில் எந்தப் புதுச் சாமானுக்குப் பக்கத்திலும் என்னைச் சந்தனக் கிண்ணத்தோடு விடுவதில்லை. போன வருஷம் எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்தது. ஐயர் குங்குமத் தட்டை நீட்டி, பொண்ணு நெற்றியில் வைக்கச் சொன்னார். மேளம் நின்று மண்டபம் அமைதியாக இருந்த நேரம். குங்குமத்தைத் தொட்டு நான் விரலைக் கொண்டுபோனபோது, எனக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

"டேய், அமுத்தாத."

அப்பாதான். முதலில் சித்தப்பா சிரித்தார், அப்புறம் எங்கள் லயம் மொத்தமும் சிரித்தது. ஐயருக்கும் பெண் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பட்டுச் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, அம்மா அப்பாவின் தோளில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.