ஐந்தைத் தொட்டால் பன்னிரண்டு சரியுது

“பன்னிரண்டு மறுபடியும் ஒன்பதாயிடுச்சு சார்” என்றார் சால்டரிங் வைக்கும் அக்கா.

“நான் அதைத் தொடவே இல்லையே!”

எஞ்சினியர் சொன்னது சத்தியம். அவர் தொட்டது ஐந்து வோல்ட் திருகை. ஒரே பெட்டியிலிருந்து மூன்று, ஐந்து, பன்னிரண்டு வோல்ட் என்று மூன்று வெளியீடுகள். திருகைத் திருப்பியும் மாற்றலாம், கம்ப்யூட்டர் வழியாகவும் மாற்றலாம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையக்கூடாது. பெட்டி சூடாகி மின்சாரத்தை விழுங்கவும் கூடாது. இதற்காக மனிதர் இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சோதனை அதிகாரி தேறாது என்று சொல்லிவிட்டால் பெட்டி பரணுக்குப் போகும், இவர் பழைய சார்ஜர் பிரிவுக்குப் போவார்.

பன்னிரண்டைத் தூக்கி நிறுத்தினார். மூன்று ஆறுக்குத் தாவியது. அதை இறக்கினார். ஐந்து படுத்துக்கொண்டது.

“சூடு தாங்கலையோ?” என்று மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். இரண்டு வருஷக் குறிப்புகளும் அறை முழுக்கப் பறந்தன.

மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “அதிகாரி மேல என் ரூம்லதான் இருக்கார். நாலு மணிக்கு இறங்கி வருவார். எல்லாம் சரிதானே?”

“பிரமாதம் சார்!” என்றார் எஞ்சினியர், காகிதங்களுக்கு நடுவில் தவழ்ந்தபடி.

கதவு மூடியதும் இன்னொரு கண்டென்சரை ஒட்டவைத்தார். இப்போது மூன்றும் சேர்ந்தே ஆட ஆரம்பித்தன.

“எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. காலையில நல்லாத்தானே இருந்துச்சு?”

“புரியறது அப்புறம் சார். ஐந்து ஏழாயிடுச்சு பாருங்க!”

“நீங்க பன்னிரண்டைப் பிடிங்க. மத்த ரெண்டையும் நான் பார்த்துக்கிறேன்!”

ஆளுக்கொரு திருப்புளியோடு இருவரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. எஞ்சினியருக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பிள்ளை பரீட்சை மண்டபத்தில் மயங்கி விழுந்ததுபோல இருந்தது அவருக்கு.

மணி நாலு. மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதிகாரி உள்ளே வந்தார். எஞ்சினியர் திருப்புளியைக் கீழே வைத்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“சார், உண்மையைச் சொல்லிடறேன். இந்தப் பெட்டி...”

“அட, நீங்க என்னத்தைச் சொல்றது! காலையிலேர்ந்து மேல உக்காந்து இந்தக் கம்ப்யூட்டர் வழியா மூணு வோல்ட்டையும் நான்தானே கலைச்சுக்கிட்டே இருக்கேன், எப்படிக் கலைச்சாலும் அரை நிமிஷத்துல அதுவா சரியாயிடுதே!”