சன்னாசி மண்டோர் தேடிக்கொண்ட மச்சான்

காலையில் ரப்பர்த் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கூலியாட்களைப் பேர் கூப்பிட்டு முடித்த கையோடு, மேஸ்திரி வேலை பார்க்கும் சன்னாசி மண்டோர் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த நோட்டுப் புத்தகக்காரனுக்கு இந்த வாரத்தோடு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

நோட்டுப் புத்தகக்காரன் பெயர் ராமகிருஷ்ணன். சிங்கப்பூரில் பெரிய படிப்பு. யார் யாருக்கு என்ன உறவு, யாரை யார் கட்டலாம், யார் பெயரை யார் சொல்லக் கூடாது, இதெல்லாம் ஒரு படிப்பாம்; அதைக் கேட்டு எழுத வந்திருந்தான். வேலிக்கு வெளியே ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் தன் அம்மா மயிலம்மாளோடு தங்கியிருந்தான். கூலியாட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் துப்பாக்கி, ஆறு மணிக்கு மேல் ஊரடங்கு. லிங்கி வட்டாரமே துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்துகொண்டிருந்த காலம். சன்னாசி மட்டும் ஒரு பேனாவுக்குப் பயந்துகொண்டிருந்தான்.

பயப்படாமல் என்ன செய்வான், பாவம். எழுபது வீடு இருக்க, நோட்டுப் புத்தகக்காரன் தினமும் வந்து உட்கார்ந்தது சன்னாசி வீட்டு வாசலில். கேட்டதெல்லாம் பெண்டாட்டி பஞ்சாலையிடம். அவளும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். கல்யாணமாகி மூன்று வருசத்தில் கட்டின புருசன் பேச்சுக்கு அவள் ஒரு நாளாவது இப்படிச் சிரித்தது உண்டா? சன்னாசி கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டினான்.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"அதை வாயால சொல்லலாமா சார்? காவி கட்டிக்கிட்டு எல்லாத்தையும் விட்டுட்டுப் போவாங்கல்ல, அவங்க பேரு. ஆனா இவரு எதையும் விட மாட்டாரு."

மறுபடியும் சிரிப்பு. ராமகிருஷ்ணன் தாளில் வரைந்த உறவுப் படத்தில் ஆம்பளைக்கு முக்கோணம், பொம்பளைக்கு வட்டம். சன்னாசி முக்கோணத்துக்கு மேலே அப்பன், பாட்டன், மாமன் என்று ஒரு பட்டாளம். பஞ்சாலையின் வட்டத்துக்கு மேலே வெறும் தாள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போன அப்பனும் ஆத்தாளும் திரும்பி வரவில்லை.

சன்னாசியின் குடும்ப பலமே அந்த வெறும் தாள்தான். எந்தச் சண்டையிலும் கடைசியில், "புடிக்கலன்னா போ. எங்க போவ?" என்பான். அவள் அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். மூன்று வருசமாக அவன் ஒரு சண்டையிலும் தோற்றதில்லை.

"பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரங்க வழக்கத்துல வீடு பொம்பளை பேர்லதான்," என்றான் ராமகிருஷ்ணன். "புருசன்தான் அங்க வந்து இருக்கணும்."

"நல்ல வழக்கமா இருக்கே லா," என்றாள் பஞ்சாலை. பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். "சார், உங்க அம்மா வழி எந்த ஊரு?"

"துறையூர்ப் பக்கம்."

"எங்கப்பாவும் அங்கதான். அப்படிப் பாத்தா உங்கம்மா எனக்கு அத்தை முறை. நீங்க அத்தை மகன்."

உள்ளே சன்னாசியின் தகர டம்ளர் உருண்டது. அத்தை மகன் என்றால் கட்டிக்கிற முறை. அதைத் தெரிந்துகொள்ளச் சிங்கப்பூர் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்ததில்தான் அந்த அபாரமான யோசனை உதித்தது. ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோவிலில் பூசை முடிந்ததும் ஊர் பார்க்க இருவரையும் நிறுத்தினான்.

"சார், இவளுக்குன்னு யாரும் இல்ல. இன்னையிலேருந்து இவ உங்க தங்கச்சி. ஆத்தா சாட்சி."

ராமகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜனங்களைத் தள்ளி நின்று பார்க்கக் கூடாது, அவர்களில் ஒருவனாக வாழ வேண்டும் என்று படித்துவிட்டு ஏங்கிக்கொண்டிருந்தவன். "மச்சான்" என்று சன்னாசியைக் கட்டிக்கொண்டான். மயிலம்மாள் புது மகளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். பஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னா சரிங்க," என்றாள். தன் மூளையை மெச்சிக்கொண்டு சன்னாசி இரண்டு கிளாஸ் கள்ளு கூடவே குடித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடிவிட்டது. பேச்சு வளர்ந்தது. சன்னாசி வழக்கம்போல் முடித்துவைத்தான்.

"புடிக்கலன்னா போ. எங்க போவ?"

பஞ்சாலை தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "எங்கண்ணன் வீட்டுக்கு."

வேடிக்கை பேசுகிறாள் என்று அவன் சிரித்தான். சிரித்து முடித்து ஓடுவதற்குள் ஆறு மணி அடித்து கேட்டைப் பூட்டிவிட்டார்கள். காவல்காரன் கோவிலில் சாட்சியாக நின்றவன்தான். "பெறந்த வீட்டுக்குப் போற பொண்ணை நான் எப்படி லா தடுக்கிறது?" என்றான்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு சன்னாசி குவார்ட்டர்ஸுக்குப் போனான். "வாங்க மாப்பிள்ளை," என்று மயிலம்மாள் நாற்காலி போட்டாள். காப்பி வந்தது. பஞ்சாலை வரவில்லை. அறைக் கதவு மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அவளில்லாத வீட்டில் நேற்று அவனுக்குத் தூக்கமே இல்லை. விடிய விடிய யோசித்ததில்தான் ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது.

"ஏ புள்ள," என்று கதவைப் பார்த்துக் கேட்டான். "உங்கப்பன் ஊரு சேலம்னுல்ல சொன்ன?"

"ஆமாங்க," என்றது கதவு. "துறையூருன்னு நான் சொன்ன அன்னைக்கே உங்களுக்கு ஞாபகம் வந்துடுமோன்னுதான் பயந்தேன்."

அப்போதுதான் வெளியிலிருந்து வந்த ராமகிருஷ்ணன் நோட்டைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு சூதும் தெரியாது.

"மச்சான், ஒரு சந்தேகம். பொண்ணு கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, மாப்பிள்ளை எத்தனை தடவை வந்து கூப்பிடணும்? உங்க பக்கம் வழக்கம் எப்படி?"

சன்னாசி வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து பதில் வந்தது.

"மூணு தடவைன்னு எழுதிக்குங்கண்ணே."

அண்ணன் எழுதிக்கொண்டான். சன்னாசி எழுந்து செருப்பை மாட்டினான். அதுதான் முதல் தடவை.