எல்லோரும் முதலிடம் வந்த லிப்டு ஆட்டம்

அன்பும் அறிவும் ஒருசேர வாய்த்த மருமகளுக்கு,

உன் தாய்மாமன் நிதானமாக உட்கார்ந்து எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அத்தையும் கம்ப்யூட்டரும் சுகம். மூவரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் விசிறியில் கொஞ்சம் இரைப்பு. அங்கே நீயும் உன் வேலையும் உன் முதுகுவலியும் எப்படி என்று அறிய ஆசை. போனில் நாலு வரியில் முடிகிற விஷயத்துக்கு மாமா ஏன் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் எழுதினால் உன் அத்தை படித்துவிடுவாள். காகிதத்தில் என் கையெழுத்தை அவளால் படிக்க முடியாது. முப்பத்தைந்து வருஷமாக முயன்று பார்த்து விட்டுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ பேசும்போது, "மாமா, உங்க லிப்டு கேம்ல பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை உக்காந்து சரி பண்ணிடறேன்" என்றாய். அம்மா கண்ணு, அதைச் சரி பண்ணாதே. அந்தத் தப்பு ஒன்றுதான் இப்போது நம் குடும்பத்தைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு அதன் அருமை புரியும்.

நான் எட்டாவது வரை படித்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டாவது வரை படித்து, எட்டு மாடிக் கட்டிடத்தில் முப்பத்தொரு வருஷம் லிப்டு ஓட்டினேன். பத்தாவது வரை படித்திருந்தால் எனக்காக இன்னும் இரண்டு மாடி கட்டியிருப்பார்கள். ஓய்வு பெற்றதும் நீ கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரை உன் அத்தையின் தையல் மெஷின் மேஜை மேல் வைத்தேன். வீட்டில் வேறு மேஜை காலியில்லை. யோசிக்கும்போது என் கால் தானாக அதன் மிதியை மிதிக்கும். கீழே சக்கரம் கடகடவென்று சுற்றும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் எவ்வளவு ஆழமாக யோசிக்கிறேன் என்று தெருவில் போகிறவர்கள்கூடத் தெரிந்துகொள்வார்கள். இன்டர்நெட்டில் பார்த்துப் பார்த்து ஆறே வாரத்தில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். உனக்கு நாலு வருஷம் காலேஜில் ஆயிற்று. குறையாகச் சொல்லவில்லை, உனக்கு வாய்த்த வாத்தியார்கள் அப்படி.

முதலில் நான் செய்தது 'குடை எடுக்கலாமா?' என்ற பக்கம். திறந்தால் 'எடு' அல்லது 'வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் வரும். கீழ் வீட்டில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறாரே, அவர் அசந்துபோய், "வானத்தை அது எப்படி சார் கணிக்குது?" என்றார். தொழில் ரகசியம் என்றேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: தினமும் காலையில் நான் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, புரோகிராமுக்குள் போய் அந்த வார்த்தையை மாற்றிவைப்பேன். நாங்கள் நாலு நாள் உன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தோமே, அப்போது மாற்ற மறந்துவிட்டேன். பாவம் மனுஷன், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நாலு நாளும் குடையைச் சுமந்திருக்கிறார். திரும்பி வந்ததும், "சார், உங்க கம்ப்யூட்டர் அடுத்த மாசத்து மழையை இப்பவே சொல்லுதுபோல" என்றார். ஆமாம், அவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் என்று சொல்லிவைத்தேன்.

அடுத்தது குக்கர் விசில் எண்ணும் பக்கம். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு தடவை பட்டனைத் தொட வேண்டும். மூன்றானதும் மணி அடிக்கும். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "விசில் வந்தா நான் அடுப்பை அணைப்பேனா, உங்க போனைத் தேடுவேனா?" என்று கேட்டாள். பெரிய கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் முதல் எதிரி சமையலறையில்தான் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு அதை மூடிவைத்தேன்.

மூன்றாவதாகப் பிறந்ததுதான் லிப்டு ஆட்டம். எட்டு மாடி, ஒரு லிப்டு. ஒவ்வொரு மாடியிலும் சின்னச் சின்ன முகங்கள் வந்து நிற்கும். காக்க வைத்தால் மஞ்சள் முகம் சிவப்பாகும். முதலில் கொஞ்சம் தகராறு. எட்டாம் மாடிக்கு மேலே கட்டிடம் இல்லை என்று நான் லிப்டுக்குச் சொல்லத் தவறியதால் அது இருபத்து மூன்றாம் மாடி வரைக்கும் போய்விட்டது. ஏறினவர்களை இறக்கிவிடும் வரியை எழுத மறந்ததால் நூற்று நாற்பது பேர் உள்ளேயே நின்றார்கள். மூன்று நாள் நின்றார்கள். நானே மனசு கேட்காமல் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருந்தேன். பிறகு எல்லாம் சரியாயிற்று. அதில் ஒரு நுணுக்கம் வைத்தேன் பார், அது உன் காலேஜில் சொல்லித்தரமாட்டார்கள். லிப்டில் எட்டுப் பேர் ஏறலாம். ஒன்பதாவது ஆள் கால் வைத்தால் நகராது; யாரை இறக்குவது என்று ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். யாரைப் பார்த்து "நீங்க அடுத்த டிரிப்புல வாங்க" என்று சொல்வது? கடைசியாக ஏறினவரையா? அவர் எட்டாம் மாடி முதலாளியாக இருந்தால்? கையில் குழந்தை இருந்தால்? யாருடைய முகமும் சிவக்காமல் ஒருவரை இறக்கிவிடுவதுதான் லிப்டுக்காரன் வித்தை. பட்டன் அமுக்குவது இல்லை.

பட்டன் என்றதும் என் சகலை ஞாபகம் வந்திருக்குமே. உன் அத்தையின் அக்கா புருஷன்தான். அதே கட்டிடத்தில் ஆறாம் மாடியில் தலைமை கிளார்க்காக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில், "லிப்டு ஓட்டறதெல்லாம் ஒரு வேலையா? பட்டனை அமுக்கினா அது பாட்டுக்குப் போகுது" என்றார். நான் சும்மா இருப்பேனா? "ஃபைல் பாக்கறது மட்டும் என்னவாம்? காத்தடிச்சா அது பாட்டுக்குப் புரளுது" என்றேன். அத்தோடு பேச்சு நின்றது. ஓய்வு பெறும்வரை நாலு வருஷம் அந்த மனுஷன் என் லிப்டில் கால் வைக்காமல் ஆறு மாடியும் படியிலேயே ஏறினார். அதில் அவருக்குச் சர்க்கரை குறைந்துபோனதாகக் கேள்வி. அந்தப் பெருமையும் எனக்குத்தான் சேரும் என்றாலும் நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் அக்காவும் தங்கையும் பட்ட பாடு இருக்கிறதே. உன் அத்தை அக்கா வீட்டுக்குத் தனியாகப் போவாள், தனியாக வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் தொங்கியிருக்கும். "அங்க அவரு பேப்பருக்குள்ள முகத்தை வெச்சிக்கிறாரு, இங்க நீங்க கம்ப்யூட்டருக்குள்ள. நாங்க ரெண்டு பேரும் என்ன பாவம் பண்ணோம்?" என்பாள். நான் மிதியை இன்னும் வேகமாக மிதிப்பேன். வேறென்ன செய்ய?

இந்த நிலையில்தான் ஐந்து மாதத்துக்கு முன் லிப்டு ஆட்டத்தின் லிங்கைக் குடும்பக் குரூப்பில் போட்டேன், கீழ் வீட்டுக் கடிகாரக்காரருக்கும் அனுப்பினேன். அதற்கு முன் ஒரு முக்கியமான முடிவு எடுத்தேன். ஆடி முடித்தவரிடம் 'நீ வாங்கியது பதினாலு' என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதையா? அதனால் ஸ்கோரைக் காட்டாமல், 'உங்கள் இடம்' என்று மட்டும் வரும்படி செய்தேன். நானே முதலில் ஆடினேன். 'உங்கள் இடம்: முதலிடம்' என்று வந்தது. எதிர்பார்த்ததுதான்.

மறுநாள் காலை போன் அடித்தது. சகலை! ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் குரல்.

"என்ன சகலை, நல்லா இருக்கீங்களா? உங்க லிப்டு ஆட்டம் பார்த்தேன். நல்லா செஞ்சிருக்கீங்க. சும்மா சொல்லக் கூடாது."

"அப்படியா? ஆடினீங்களா? கஷ்டமா இருந்திருக்குமே."

"சேச்சே, கஷ்டம் என்ன கஷ்டம். சரி, உடம்பைப் பாத்துக்குங்க. இந்த வயசுல எல்லாத்துலயும் முன்னால நிக்க முடியுமா?"

அந்தக் குரலில் இருந்த கனிவு இருக்கிறதே! பாவம், தோற்றுப்போய்விட்டு எவ்வளவு பெரிய மனசோடு பேசுகிறார் என்று நினைத்தேன். முதலிடத்தில் இருக்கிறவன் எங்கேயாவது சண்டை போடுவானா? "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க சகலை" என்று நானே கூப்பிட்டேன். வந்தார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு அவர்கள் இங்கே, ஒரு ஞாயிறு நாங்கள் அங்கே. நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஒருவரையொருவர் பார்த்து இரக்கத்தோடு சிரித்துக்கொள்கிறோம். உன் அத்தை அடுப்படியில் அக்காவோடு பேசிச் சிரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்கிறது. ஒன்பது வருஷமாக நான் கேட்காத சத்தம் அது.

இப்படி இருக்கும்போது, எப்படித்தான் உன் கண்ணில் பட்டதோ, நீ வந்து, "மாமா, நீங்க எழுதினது ஸ்கோரை அவங்கவங்க போன்லயேதான் வெச்சுக்குது. ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் போகவே இல்ல. ஆளுக்கு ஒரு தனிப் பந்தயம், அதுல அவங்க ஒருத்தர்தான் ஓடறாங்க. அதான் எல்லாரும் முதலிடம்" என்று போட்டு உடைத்தாய். எனக்கு அது முன்பே தெரியும் என்று அப்போது சொன்னேன் அல்லவா? தெரியும் என்றால், அப்படி ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று உள்மனசில் பட்டிருந்தது. உன் அம்மாவும் தான்தான் முதலிடம் என்று என்னிடம் சொன்னாள்; தங்கச்சி ஆசைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். கடிகாரக்காரரும் சொன்னார், வெயிலில் அலைந்த மனுஷன் என்று அதையும் விட்டுவிட்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்று யோசி. ஒவ்வொரு போனிலும் இருக்கிற பழைய ஸ்கோரெல்லாம் ஒரே பட்டியலுக்கு வந்து சேர்ந்துவிடும் என்கிறாய். நான் மேலே, சகலை கீழே என்று வரும். வராமல் எங்கே போகும்? அதைப் பார்த்த மறுநிமிஷம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு என் புகழைப் பற்றிக் கவலையில்லை, முப்பத்தொரு வருஷம் அனுபவித்தாயிற்று. உன் அத்தை மறுபடியும் தனியாகப் போய்த் தனியாக வர வேண்டுமே, அதுதான். ஒரு தப்பு ஒழுங்காக வேலை செய்யும்போது அதில் கை வைக்கக் கூடாது. இதை உன் ஆபீஸிலும் நான் சொன்னதாகச் சொல்லலாம். என் வித்தையைக் காட்ட வேண்டுமென்று பாஸ்வேர்டை உன்னிடம் கொடுத்தவன் நானே. அதை மறந்துவிடு. நானும் மறந்துவிட்டேன், அதனால்தான் மாற்ற முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. இப்போதே தபாலில் சேர்த்தால் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். நீ எழுதுகிற புரோகிராம் எல்லாம் முதல் தடவையே ஓடட்டும். உன் முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். உன் கம்ப்யூட்டரின் விசிறி இரையாமல் சுழலட்டும். உன் அம்மாவுக்கு அண்ணனின் அன்பு. அவள் முதலிடத்துக்கும் என் வாழ்த்து.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்,
எட்டு மாடியையும் ஆண்ட உன் மாமன்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, சட்டைப்பையில் பத்திரமாக வைத்து, அந்தச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு தபால் பெட்டி வரை போய்வந்திருக்கிறேன். உறையை இப்போது பிரித்து எழுதுகிறேன்.

சகலை வீட்டார் பதினொரு மணிக்கு வந்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து, "ஒரு ஆட்டம் போடுவோமா சகலை?" என்று போனைத் திறந்தார். சட்டென்று நிமிர்ந்தார். எட்டிப் பார்த்தேன். பட்டியல்! நீ சொன்ன வேலையை நேற்றே முடித்துவிட்டாய். முதலிடம் உன் அத்தை. இரண்டாமிடம் அவள் அக்கா. மூன்று, உன் அம்மா. நாலில் கடிகாரக்காரர். மொத்தம் பதினொரு பேர். பத்திலும் பதினொன்றிலும் எங்கள் இருவர் பெயர்.

"நான்தான் மருமககிட்ட சரி பண்ணச் சொன்னேன்" என்று கரண்டியோடு வந்து நின்றாள் உன் அத்தை. "ரெண்டாவது நாளே அக்கா போனையும் என் போனையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். ரெண்டுலயும் முதலிடம். ஆம்பளைங்க பேச ஆரம்பிச்சிருக்காங்க, ஏன் கெடுக்கணும்னு அஞ்சு மாசம் வாயைத் திறக்கல. ஆனா எங்க ரெண்டு பேருல யாருதான் மொதல்னு தெரியணுமா இல்லையா?"

"உனக்கு ஆட எங்கே நேரம்?" என்றேன்.

"மூணு விசில் வர்றதுக்குள்ள ரெண்டு ஆட்டம் ஆடிடலாம்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "ஒன்பது வருஷமா உங்க ரெண்டு பேருல யாரை ஏத்தி யாரை இறக்கறதுன்னு பார்த்தவங்க நாங்க. இந்த எட்டு மாடி எங்களுக்கு எந்த மூலைக்கு?"

சகலை செருப்பைத் தேடவில்லை. பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "அந்த ஒன்பதாவது ஆளை இறக்கறது இருக்கு பாருங்க, அது எனக்குக் கடைசி வரைக்கும் வரல சகலை. நான் அன்னிக்கு நெனைச்ச மாதிரி அது வெறும் பட்டன் இல்ல" என்றார்.

எனக்குக் காலுக்கடியில் மிதி இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் டம்ளரில் தண்ணீர் இருந்தும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள். பட்டியல் இப்படியே இருக்கட்டும். தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டும் அனுப்புகிறேன். உனக்கு வேலை அதிகம், அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது என்ற நம்பிக்கையில் ஒன்று தெரிவித்துக்கொள்கிறேன்: பத்தாமிடம் நான்தான்.