இடி சுபேதார் வீட்டு இரண்டு தட்டு

பெங்களூர் கன்டோன்மென்ட்டில் அந்தக் காலத்தில் யாருக்காவது காது மந்தம் என்றால், அதற்கு இடி சுபேதார்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சுதந்திரம் வந்த புதிதில், அல்சூரில் அவர் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் நான் குடியிருந்தேன். பட்டாளத்தில் ஆட்களைப் பழக்கும் வேலை அவருக்கு. காலையில் "ஜல்தி!" என்று தன் பிள்ளைகளை எழுப்புவார், நான் எழுந்து பல் துலக்கி முடித்திருப்பேன். பால்காரர் எருமை அவர் வாசலில் மட்டும் பால் சுரக்காது.

அவர் மனைவியின் குரலை நான் கேட்டதே இல்லை. வேற்று ஆண்கள் முன்னால் வரமாட்டார். காபி தயார் என்றால் கதவுக்குப் பின்னாலிருந்து பலகையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. அவ்வளவு பெரிய இடி, அந்த இரண்டு தட்டுக்குப் பாதிப் பேச்சில் அடங்கிவிடும்.

பிறகு சுபேதார் பென்ஷன் வாங்கினார். அதட்ட ஆளில்லாமல் அடுக்களைக்குள் நுழைந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ரேஷன் கடை வரிசைக்கு அந்த அம்மாள் போக ஆரம்பித்தார். நாலைந்து வருஷத்தில் எல்லாம் தலைகீழ். யார் வீட்டுப் பெண் புக்ககம் கிளம்பினாலும் முதலில் விசும்புவது சுபேதார். ரேஷன் கடைக்காரர் தராசைத் தொட்டால் அம்மாளின் குரல் ஏரிக்கரை வரை கேட்கும். "ஆம்பளைக்கு ஐம்பதுல ஈரம், பொம்பளைக்கு ஐம்பதுல வீரம்" என்று எங்கள் சந்து ஒரு பழமொழியே செய்துகொண்டது.

ஒரு நாள் கடப்பாறையோடு ஒரு மேஸ்திரி வந்து நின்றார். சந்தின் ஒரே தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி மேட்டுத் தெருவில் நடப்போகிறாராம். போனால் அத்தனை வீடும் குடத்தோடு மேடு ஏற வேண்டியதுதான். பழைய ஞாபகத்தில் நாங்கள் சுபேதாரிடம் ஓடினோம். தோளில் அடுப்படிப் பிடிதுணியோடு வந்தவர், மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயில்ல நிக்கிறியேப்பா, சாப்டியா?"

"இல்ல பெரியவரே. மேலிடத்து உத்தரவு."

"பாவம், நீ இன்னா பண்ணுவே!" சுபேதாருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்விட்டார். குழாய் போச்சு என்று நாங்கள் தலையில் கை வைத்தோம்.

அப்போதுதான் அம்மாள் கடையிலிருந்து திரும்பினார். பையை என் கையில் திணித்துவிட்டு, குழாய்க்கு முன்னால் போய் நின்றார்.

"உத்தரவுன்னா காயிதம் எங்கே?"

"காயிதம் இல்லம்மா. வாயாலதான் சொன்னாங்க."

"அப்டியா? நானும் வாயாலதான் சொல்றேன். கொழா இங்கேதான் இருக்கும்! எவன் கைய வெக்கிறான்னு பாக்கறேன்!"

கடப்பாறை தானாகக் கீழே இறங்கியது. "ஆயித்தம்மா, சரி, காயிதத்தோட வர்றேன்" என்றார் மேஸ்திரி. கடைசி வரை வரவில்லை. ஆனால் அப்போது அம்மாள் விடுவதாக இல்லை. மேலிடத்தின் பரம்பரையையே விசாரிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, உள்ளிருந்து கதவுப் பலகையில் இரண்டு தட்டு.

அம்மாள் பாதிப் பேச்சில் நிறுத்தினார். முகமே மாறிவிட்டது. "வாய்யா மேஸ்திரி, காபி குடிச்சிட்டுப் போ. உனக்கும் சேத்துதான் போட்டிருப்பாரு" என்றார்.

இப்போது எனக்கே அறுபது தாண்டிவிட்டது. வாசலில் என் மனைவி காய்கறிக்காரரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் என்னிடம் உப்பு வேண்டும் என்று கேட்கவே கூச்சப்பட்டவள். நான் காபி கலந்துவிட்டேன். கதவுப் பலகையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டும்போதெல்லாம், தோளில் பிடிதுணியோடு சுபேதார் என் பக்கத்தில் நிற்கிறார்.