மூன்றாம் பெட்டியில் இரண்டு குட்டிகள்

எகிபாஸ்துஸ்,
மார்ச் 3

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஒராஸலி அவர்களுக்கு,

தங்கள் கால்நடைகள் நலமா? குதிரைகள் நலமா? சம்பந்தியம்மாளின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே உங்கள் மகளும் என் மகனும் நலம். நான்தான் அவ்வளவு நலமில்லை. காரணம், நீங்கள் பெரிய மனசோடு கொடுத்த சினை ஆடு.

"நவ்ரீஸ் பண்டிகைக்கு வருவேன். தாயும் குட்டியுமா கண்ணுல காட்டணும், கப்தேஷ்!" என்று ஊரார் முன்னால் என் தோளில் தட்டினீர்கள். தோள் இன்னும் வலிக்கிறது. ஆடு பிப்ரவரியிலேயே, மைனஸ் முப்பத்தாறில், இரண்டு குட்டி போட்டது. உறைந்து செத்தால் உங்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? சமையலறையில் வைத்தேன். உங்கள் மகள், "மாமா, குட்டிங்க இருக்கணுமா, நான் இருக்கணுமா, ஒண்ணு சொல்லுங்க" என்றாள். நீங்கள் வளர்த்த விதத்தை நான் குறை சொல்லவில்லை.

நான் காவல் பார்க்கும் இடம் உங்களுக்குத் தெரியும். டேட்டா சென்டருக்கு மின்சாரம் குறையும்போது கொடுக்க, லாரி நீளத்தில் பன்னிரண்டு இரும்புப் பெட்டிகள், உள்ளே முழுக்க பேட்டரி. எப்போது சேமிப்பது, எப்போது கொடுப்பது, உள்ளே எவ்வளவு சூடு வைப்பது எல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்கிறது. வெளியே எச்சில் துப்பினால் கல்லாக விழும். உள்ளே இருபத்திரண்டு டிகிரி. பேட்டரிக்கு ஒரு நியாயம், உங்கள் குட்டிகளுக்கு ஒரு நியாயமா? மூன்றாம் பெட்டியின் நடைபாதையில் வைக்கோல் போட்டு விட்டுவிட்டேன். தாயைக் காவல் அறைக்குப் பின்னால் கட்டி, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் பாலூட்டக் கூட்டிப்போனேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர் உள்ளே புகுந்தது. நாலு நாளில் அந்த ஏ.ஐ. புரிந்துகொண்டது. ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே பெட்டியைக் கூடுதலாகச் சூடாக்கி வைக்க ஆரம்பித்தது. என் மகனுக்கு முப்பது வயதாகியும் இந்தப் புத்தி வரவில்லை.

போன செவ்வாய் மாலை ஆறுக்கு ஊரில் மின்சாரம் சரிந்தது. பதினொரு பெட்டிகள் கொடுத்தன. மூன்றாவது கொடுக்கவில்லை, தன் மின்சாரத்தைச் சூட்டுக்கே வைத்துக்கொண்டது; குட்டிகள் பால் குடிக்கும் நேரமாம். டேட்டா சென்டர் நாலு நிமிடம் இருண்டது. மறுநாள் அஸ்தானாவிலிருந்து மெருயெர்த் என்ற இன்ஜினியர் பெண் மடிக்கணினியோடு வந்தாள்.

"தாத்தா, தினம் ரெண்டு தடவை இது யாருக்காக சூடாகுது?"

"எனக்கென்னம்மா தெரியும்? வயசானா யாருக்கும் குளிரும்."

"பெட்டிக்கு ரெண்டு வயசுதான் தாத்தா."

அந்த நேரம் பார்த்து உள்ளே உங்கள் குட்டி கத்தியது. மின்விசிறிச் சத்தம் என்றேன். அவள் பாவ்லதாரில் ஆட்டுப்பட்டியில் பிறந்து வளர்ந்தவளாம். குனிந்து எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். என் வேலை போய்விடும். சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் உழைத்து யாரிடமும் ஒரு சொல் வாங்காத நான், ஆட்டுக்குட்டியால் வீட்டுக்குப் போவேன். பயமாக இருக்கிறது, சம்பந்தி. பண்டிகைவரை காத்திருக்காமல் உடனே வந்து உங்கள் ஆட்டையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

உங்கள் பட்டி பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கப்தேஷ்

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. விசாரணைக்குப் பயந்து குட்டிகளை முதல் நாளே காவல் அறைக்கு மாற்றியிருந்தேன். மாலை ஆறு மணிக்கு மூன்றாம் பெட்டி சூடாகிக் காத்திருந்தது. கதவு திறக்கவில்லை. ஏழாகியும் சூடு இறங்கவில்லை, குட்டிகளைக் காணோமென்று அந்த ஏ.ஐ. பன்னிரண்டு பெட்டிகளையும் சூடாக்க ஆரம்பித்துவிட்டது. மேலிடத்து ஆட்கள் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மெருயெர்த், "தாத்தா, குட்டிங்கள உள்ள விடுங்க" என்றாள். விட்டேன். உடனே அடங்கியது. வேலை போகவில்லை. ஆனால் இரண்டும் இப்போது பதிவேட்டில் 'மூன்றாம் பெட்டி, நிலையான உபகரணம்' என்று ஏறிவிட்டன. நவ்ரீஸுக்கு நீங்கள் வந்தால் தாராளமாகப் பார்க்கலாம். வெளியே கொண்டுபோக அனுமதி கிடையாது. தாயை மட்டும் கேட்டுப் பார்த்தேன். அது உபகரணத்தின் உதிரிப் பாகமாம்.