ரசம் சிந்தாத வண்டி

டாக்டர்கள் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்வதை ரசக்கறையைப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மதுரை ஆரப்பாளையத்தில் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பழைய லாட்ஜை ஒட்டிய இடுக்கில் கடை. கார்களின் குலுக்கலுக்கு மட்டும்தான் வைத்தியம் பார்ப்பார். இன்ஜினில் ஏதோ சத்தம் என்று போனால், வயிற்றுவலிக்குப் பல் டாக்டரிடம் வந்துவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் ரசம் அண்ணன். போன் பண்ணினால் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

“அண்ணே, வண்டி ரொம்பக் குதிக்குதுண்ணே.”

“உங்க வீட்ல இன்னைக்கி என்ன ரசம்?”

“ண்ணே?”

“ரசம் தம்பி, ரசம். ஒரு தூக்குல ஊத்திக்கிட்டு, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வாங்க.”

போனால் உங்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து, எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் ரசத்தை விளிம்புவரை ஊற்றிக் கையில் கொடுப்பார். அவர் ஓட்டுவார், நீங்கள் சிந்துவீர்கள். ஆரப்பாளையத்தைச் சுற்றி எந்தச் சந்தில் எந்தப் பள்ளம் என்பது அவருக்கு மனப்பாடம். திரும்பி வந்ததும் உங்கள் சட்டையைக் கழற்றி வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். காலரில் கறை என்றால் முன்பக்கக் கோளாறு. வயிற்றில் என்றால் பின்பக்கம். இடது தோளில் மட்டும் என்றால் இடது பின் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. வேலை முடியும்வரை சட்டை அவருடைய கடைக் கொடியில் ரிப்போர்ட்டாகத் தொங்கும். பனியனோடு நடந்து வருகிற கௌரவமான மனிதரைக் கண்டால் ஆரப்பாளையத்து டீக்கடையில், “என்ன சார், வண்டி குலுக்குதா?” என்று விசாரிப்பார்கள்.

ஒருமுறை பட்டுக்கடை முதலாளி ஒருவர் சில்க் ஜிப்பாவில் வந்து இறங்கினார். சௌராஷ்டிரக் குடும்பம், நான்கு தலைமுறையாகப் பட்டு வியாபாரம். ரசம் அண்ணன் வாசலிலேயே மறித்துவிட்டார்.

“பட்டுல கறை பட்டா நான் கறையப் பாக்கவா, உங்க மொகத்தப் பாக்கவா? போயி வெள்ளக் காட்டன்ல வாங்கய்யா.”

கோயில் குருக்கள் ஒருவர் பூண்டு போடாத ரசம் கொண்டுவந்தபோது ரசம் அண்ணன் வெகுநேரம் யோசித்தார். “இது லேசா இருக்கும் சாமி. சுருக்கா சிந்தும். இதுக்குத் தனிக் கணக்கு” என்று சொல்லிவிட்டுத் மாட்டு வண்டி முந்திப் போகிற அளவு மெதுவாக ஓட்டினாராம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத ஆசை எனக்கு வந்தது. சிவப்பு நிறத்தில், இரண்டே கதவு வைத்த, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். வண்டி தரையோடு தரையாகப் போனால்தான் கெத்து என்று பைபாஸ் ரோட்டில் யாரோ சொல்ல, ஸ்பிரிங்குகளை வெட்டி இறக்கியும் விட்டேன்.

நாங்கள் குடியிருக்கிற கே.கே. நகரில் அதை ஓட்டிப் போனால் திரும்பிப் பார்க்காத ஆள் இல்லை. ஆனால் ரோட்டில் கிடக்கிற நாணயத்தின் மேல் ஏறினாலே பூவா தலையா என்று இடுப்பு சொல்லிவிடும். எங்கள் ஊரிலோ வாசலுக்கு வாசல் வேகத்தடை. தன் வீட்டு முன்னால் ஒன்று போட்டுக்கொள்ளாதவனை மனிதனாகவே மதிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் என் வண்டி வயிறு உரசி, முனகி, இறங்கியபின் நான்குமுறை குதித்துவிட்டுத்தான் அடங்கும்.

என் மனைவி மீனா அதில் ஒரே ஒருமுறை ஏறினாள். இறங்கியபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. “எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. இனிமே இதுல ஏற மாட்டேன்” என்றாள். அத்துடன் சரி. எட்டு மாதம் எங்கே போனாலும் அவள் ஷேர் ஆட்டோவில் முன்னால் போவாள், நான் ஸ்போர்ட்ஸ் காரில் பின்னால் போவேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேவு பார்க்கிறவன் மாதிரி இருந்திருக்கும்.

அப்போதுதான் அவளுடைய தம்பிக்குக் கொட்டாம்பட்டியில் கல்யாணம் குறித்தார்கள். மீனா நாத்தனார். மூன்றாவது முடிச்சு அவள் போடவேண்டும்.

“நான் வேன்ல எங்க ஆளுகளோட வாரேன். நீங்க உங்க தேர்ல வாங்க” என்றாள்.

புருசனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு வண்டியில் வந்து இறங்கினால் பந்தியில் இலை போடுவதற்குள் எங்களைப் பிரித்து வைத்துவிடுவார்கள். அதைவிட, அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னது வலித்தது. எட்டு மாதத்தில் நான் இல்லாத பயணம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அதனால்தான் ரசம் அண்ணனுக்குப் போன் போட்டு, கல்யாண விஷயத்தையும் சொன்னேன். வீட்டு ரசம் என்று அவர் சொன்னதை மட்டும் மதிக்கவில்லை. மீனாவிடம் கேட்டால் எதற்கு என்பாள், வண்டிக்கு என்றால் சிரிப்பாள். ஆரப்பாளையத்திலேயே ஓர் ஓட்டலில் ரசம் வாங்கித் தூக்கில் ஊற்றிக்கொண்டு போனேன். அவர் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்தார்.

“இது மேலத்தெரு முக்கு ஓட்டலு. தெனம் குடிக்கிறவன்கிட்டயே கொண்டு வாரீங்களே தம்பி.”

“ரசம் எங்க வச்சா என்னண்ணே? சிந்துனா சரிதான?”

“வீட்ல கேக்கக் கூச்சமா? அப்ப குலுக்கல் வண்டில இல்ல. போயி கேட்டு வாங்கிட்டு வாங்க.”

திரும்பிப் போய்க் கேட்டேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக வண்டியில் கோளாறு என்று என் வாயால் ஒப்புக்கொண்டேன். மீனா சிரிக்கவில்லை. மிளகு ரசம் வைத்துத் தூக்கில் ஊற்றி மூடி, “சூடா இருக்கு, பாத்து” என்று மட்டும் சொன்னாள்.

என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. முதல் பள்ளத்தில் பாதித் தம்ளர் காலி, மூன்றாவதில் மீதியும். ரசம் என் நெஞ்சில், மடியில், மூக்கில், வண்டியின் கூரையில். ரசம் அண்ணன் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதுல வெள்ள எங்கன்னுதான் தேடணும்.”

கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்து விளக்கினார். “ஸ்பிரிங்க வெட்டிட்டீங்க. அமுங்க எடமே இல்ல. வண்டி ரப்பர்க் கட்ட மேல ஒக்காந்து போகுது, அதான் இடிக்கிது. ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்குச் செஞ்சது. இந்த வெட்டுன ஸ்பிரிங்கு துள்ளுறத அதால அடக்க முடியல, அதான் குதிக்குது. பத்தாததுக்கு டயர்ல காத்த வேற கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கீங்க. வண்டிய ரெண்டு வெரல் அளவு ஒசத்தணும்.”

“ஒசத்துனா லுக்கு போயிருமேண்ணே!”

“லுக்க ரோட்ல போறவன் பாக்குறான். குலுக்கல வீட்டுக்காரம்மா தாங்குது. ரெண்டு பேர்ல யாரு கூடக் கல்யாணத்துக்குப் போறீங்க, தம்பி?”

ரசத்தில் ஊறிய சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பனியனோடு வீட்டுக்கு வந்தேன்.

வேலை பத்து நாள் நடந்தது. அளவான புதுஸ்பிரிங், அதற்குப் பொருந்திய ஷாக் அப்சார்பர், புது ரப்பர்க் கட்டைகள். காற்றை அவரே கையால் அளந்து இறக்கினார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. “இன்னைக்கி டெஸ்ட்டு. ரசம் வச்சவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

மீனா ரசத் தூக்கோடு வந்தாள். ஷேர் ஆட்டோவில்தான் வந்தாள். ஆனால் அவள் கட்டியிருந்ததைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. கல்யாணத்துக்கென்று எடுத்த மாம்பழக் கலர் பட்டு.

“கறை பட்டுச்சுன்னா நான் வேன்ல போறேன். பழைய சேலையிலேயே போறேன்” என்றாள்.

பட்டுக்கடை முதலாளியை விரட்டிய மனிதர் இதற்கு என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். ரசம் அண்ணன் தலையைச் சொறிந்தார். “தாயி கட்டிட்டு வந்துட்டா அது வேற. தம்பி, நீங்க ஓட்டுங்க. தாயி தம்ளரப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல ஒக்காரட்டும். நான் பின்னாடி மடங்கிக்கிறேன்.”

நான் அதுவரை ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டியிருந்தேன். அன்றைக்குத்தான் பக்கத்து சீட்டில் இருக்கிற கையையும் பார்த்து ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. வேகத்தடை வந்தது. வண்டி ஏறியது, அமுங்கியது, ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. தம்ளரின் விளிம்பில் ரசம் ஒருமுறை நடுங்கி நின்றது.

“ஏங்க” என்றாள் மீனா.

“சிந்திருச்சா?”

“இல்ல. இன்னொரு ரவுண்டு போலாமா?”

கடைக்குத் திரும்பியபோது தம்ளர் நிறைந்தே இருந்தது. “இத என்னண்ணே செய்ய?” என்று கேட்டாள். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கி, கவிழ்த்துப் போட்ட பழைய டயரில் உட்கார்ந்து, வாய் வைத்து மெதுவாகக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“மெளகு கொஞ்சம் தூக்கல். நல்லாருக்கு தாயி. வேல சுத்தமா இருந்தாத்தான் இம்புட்டு மிஞ்சும்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பழைய லாட்ஜின் மாடியில் ஒற்றை அறையில் இருபது வருடமாக இருக்கிற மனிதர் அவர். மூன்று வேளையும் ஓட்டல். வண்டி எவ்வளவு நன்றாகச் சரியாகிறதோ, அவ்வளவு வீட்டு ரசம் அவருக்கு. மதுரையில் இதைவிட நேர்மையான மெக்கானிக் இருக்க வாய்ப்பே இல்லை.

கொட்டாம்பட்டியில் நாங்கள் ஒரே வண்டியில் போய் இறங்கினோம். மீனா கொண்டை கலையாமல் இறங்கி மூன்றாவது முடிச்சைப் போட்டாள். ‘வண்டி கொஞ்சம் ஒசந்திருச்சே மாப்ள’ என்று ஒருவர் குறை சொன்னார். எனக்கு அது உறைக்கவே இல்லை.

இப்போது வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மாதம் ஒருமுறை, “லேசாக் குலுக்குற மாதிரி இருக்குண்ணே” என்று போன் போடுகிறேன். “என்ன ரசம்?” என்று கேட்கிறார். மீனா தூக்கு நிறைய ஊற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். கே.கே. நகரிலிருந்து ஆரப்பாளையம்வரை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஓட்டிக்கொண்டு போகிறேன்.