ரேடியோவின் அமாவாசைக் கேள்வி

செஞ்சி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரிலும், மனசுக்குள் யோசிக்கத் தெரியாத ஒரே பிறவி ரேடியோதான். இதை ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஏறி நின்று சத்தியம் செய்யத் தயார். படிக்கட்டு பலமாக இருக்கிறதா என்று யாராவது முதலில் பார்த்துச் சொன்னால்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டி ஸ்டாண்டு நடத்துகிறவன். டோக்கனில் பாதி வண்டிக்கு, பாதி ஆளுக்கு. இந்தத் தொழிலுக்குச் சந்தேகம்தான் முதல். சொந்த மச்சானையே டோக்கன் இல்லாமல் வண்டி எடுக்க விடமாட்டேன். மச்சான் இப்போதெல்லாம் வருவதில்லை.

அனந்தபுரம் பக்கத்திலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டியில் வந்து, எங்களிடம் விட்டுவிட்டு காலேஜ் பஸ் ஏறுகிற பெண்தான் ரேடியோ. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், கடைசி வருஷம். மூன்று வருஷமாக அவள் இருக்கிற இடமே தெரியாது. திடீரென்று ஒருநாள், என் வண்டி வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். காதில் போனும் இல்லை.

"இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு பாக்கறேன். அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு பாக்கறேன். ரெண்டும் நடுவுல சந்திச்சிட்டா வேல முடிஞ்சிது."

எனக்கு வியர்த்துவிட்டது. வண்டி திருடுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஆள் போட்டுத்தான் வேலையை முடிப்பார்கள். மறுநாள், "பெரிசு எல்லாத்தையும் அந்தாண்ட தள்ளிட்டு, சின்னத மொதல்ல எடுத்துர்றேன்" என்றாள். மொபெட் அத்தனையையும் சங்கிலி போட்டுக் கட்டினேன்.

மூன்றாம் நாள் வழிமறித்துவிட்டேன். "யாரும்மா உன்கூட? இன்னா பிளான்?"

"பிளானா? இன்டர்வியூக்குப் படிக்கிறேன்ணா! கணக்குல்லாம் கரெக்டா போட்டுர்றேன். ஆனா வாயே தொறக்கமாட்டேன். நீ இன்னா நெனைக்கறன்னே தெரியலியேன்னு மூணு பெரிய கம்பெனில அனுப்பிட்டாங்க. அடுத்த மாசம் ஒண்ணு வருது. அதோட சரி, இந்த வருஷம் காலேஜுக்கு வேற யாரும் வரமாட்டாங்க. அதான் யோசிக்கறத வாய்விட்டு யோசிச்சுப் பழகறேன்."

நான் நம்பவில்லை. பேசாததற்காக ஒருவரை வேலைக்கு வேண்டாம் என்பார்களா? பேசினதற்காகத்தான் என்னை நாலு இடத்தில் அனுப்பியிருக்கிறார்கள்.

அவளோ எல்லாவற்றையும் வாய்விட்டு யோசித்தாள். டீக்கடையில், "டீயும் இருக்குது, காபியும் இருக்குது. பஸ் வர அஞ்சு நிமிஷம். காபி ஆறாது. அதனால டீ" என்றாள். "ம்மா, ரெண்டும் ஒரே சூடுதான்" என்ற கடைக்காரர்தான் ரேடியோ என்று பெயர் வைத்தது.

ஒருநாள் என்னிடமே வந்து நின்றாள். "நீங்க என்னை இன்டர்வியூ பண்ணுங்கண்ணா."

"நான் எட்டாவதும்மா."

"ஃப்ரெண்டுங்க எது சொன்னாலும் சூப்பர்ன்றாங்க. நீங்கதான் எதையும் நம்பமாட்டீங்க."

இது பாராட்டுதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கேள்வியையும் அவளே சொன்னாள்.

"நெறைய டோக்கன் இருக்குது. ஒரே நம்பர ரெண்டு பேருக்குக் குடுத்துட்டாங்க. எந்த நம்பர்னு கண்டுபுடிக்கணும்."

"நான் அப்டிக் குடுக்கமாட்டேன்."

"கணக்குக்குண்ணா!"

"கணக்குக்குக் கூட குடுக்கமாட்டேன்."

அன்றைக்கு பஸ் ஹாரன் அடிக்கும்வரை நான் இறங்கி வரவில்லை. வேறு ஸ்டாண்டில் வண்டி விடுவேன் என்று அவள் மிரட்டிய பிறகு, மறுநாள் காது கொடுத்தேன். ஒரு டோக்கனை எடுத்து மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப் பார்ப்பாளாம். பிறகு அடுத்த டோக்கனாம். நான் குறுக்கே விழுந்தேன்.

"டோக்கனே இல்லன்னா? எல்லா நம்பரும் வேற வேறயா இருந்தா? சரி, அமாவாசையா இருந்தா?"

"அமாவாசைக்கும் இதுக்கும் இன்னாண்ணா?"

"மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விடற அன்னிக்கு ரோடு வரிக்கும் வண்டி நிக்குது. நீ ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துக்கினு இருந்தா அடுத்த அமாவாசையே வந்துடும்!"

ரேடியோ அப்படியே நின்றுவிட்டாள். என் பின்னால் சுவரில், டோக்கன் மாட்ட நம்பர் எழுதி வரிசையாக அடித்திருந்த ஆணிகளையே பார்த்தாள். பிறகு கத்தினாள்: "ஆணிண்ணா! வர்ற டோக்கன அதது ஆணில மாட்டிக்கினே போனா, எந்த ஆணில ஏற்கெனவே தொங்குதோ, அதான்!"

கத்திய கத்தலில் காலேஜ் பஸ் டிரைவர் பிரேக் போட்டார். அவள் போனதும் ஆணிகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

இப்படியே ஒரு மாதம். தினம் ஒரு கணக்கு சொல்வாள், நான் நம்பமாட்டேன், அவள் திருத்திச் சொல்வாள்.

இன்டர்வியூ நாளன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் வண்டியில் மாட்டி, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போச்சு என்று நினைத்துவிட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு?"

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "ஒரு கேள்வி குடுத்தாங்க. ஒண்ணுமே இல்லன்னான்னு கேட்டேன். எல்லாம் வேற வேறயா இருந்தான்னு கேட்டேன். அப்பறம் வாய் தவறி, அமாவாசையா இருந்தான்னு கேட்டுட்டேண்ணா."

"அய்யய்யோ."

"அப்டின்னா இன்னான்னாங்க. மேல்மலையனூர் கூட்டம், ஸ்பெஷல் பஸ், நம்ம ஸ்டாண்டு, எல்லாம் சொன்னேன். முழுக்க நான்தான் பேசினேன்."

"அப்பறம்?"

"எடுத்துட்டாங்கண்ணா! தொண்டதான் போயிடுச்சு."

நான் நம்பவில்லை. லெட்டர் வந்ததும் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அந்த ஆபீசை யாராவது நேரில் பார்த்தார்களா, சேருகிற அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வாள், தங்குகிற இடத்தில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொன்னாள்.

வேலையில் சேர அவள் பெங்களூர் பஸ் ஏறியபோது, டிரைவர் கண்ணைப் பார்த்தேன், நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரிதான் தெரிந்தது. டயரையும் உதைத்துப் பார்த்தேன். பஸ் திருவண்ணாமலை ரோட்டில் கிளம்பியதும் அதன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவளிடமிருந்து போன் வரும்வரை அந்தக் கையைக் கழுவவில்லை.